சலூன் வாசலில் ஒரு பரட்டைத் தலை

வகிடு அண்ணன் என்றால்தான் அந்தத் தெருவில் தெரியும். சொந்தப் பெயர் கடைப் பலகையில் இருந்தது. பலகை வெயிலில் வெளுத்து அதுவும் போய்விட்டது. ஒருவர் தலையில் வகிடு இம்மி கோணினாலும் அவருக்குச் சோறு இறங்காது. முன்னறை சலூன், பின்னால் வீடு. இரண்டு நாற்காலி, ஒரு பெரிய கண்ணாடி, துண்டு காயப்போட ஒரு கொடி. நாள் முழுக்க அவர் அதிகம் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: "கொஞ்சம் தலையைக் குனிங்க."

அவர் மனைவி பிழைத்து வந்ததே பெரிய விஷயம். ஒரு ஆபரேஷன், அதன்பின் காய்ச்சல், அதன்பின் இன்னொரு ஆபரேஷன் என்று மாதக்கணக்கில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தாள். கட்டிலுக்கு நேரே ஜன்னல். வெளியே, தண்ணீர் ஊற்ற நாதியில்லாத மதிலோரத்தில், ஒரு புதர் ரோஜா. அதை யாரும் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. ஒரு காலையில் அது மதில் தெரியாமல் பூத்து நின்றது.

"அன்னைக்குத்தாங்க எனக்கு முதல்ல பசிச்சுது," என்று பின்னால் அவரிடம் சொன்னாள்.

வீடு திரும்பும்போது தோட்டக்காரரிடம் ஒரு குச்சி கேட்டு வாங்கி, ஈரத்துணியில் சுற்றி மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள். வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் நட்டாள். "இது நம்ம வாசல்ல அப்படிப் பூக்கணும். நான் பாக்கணும்." அவரிடம் அவள் வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான்.

குச்சி வேர் பிடித்தது. நல்ல செடி. கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் சித்தப்பா மாதிரி எடுத்ததற்கெல்லாம் முறுக்கிக்கொள்ளும் ரோஜாக்களையே பார்த்த தெருவுக்கு அது புதுசு. பூச்சி அண்டாது, தண்ணீர் மறந்தாலும் கோபித்துக்கொள்ளாது, மருந்து என்று ஒன்று கேட்காது.

ஆனால் வளர்ந்தது சலூன்காரர் வாசலில் ஆயிற்றே, கை சும்மா இருக்குமா? கிளை ஒரு விரல் நீண்டால் போதும், ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துக் கத்தரியோடு கிளம்பிவிடுவார். குளிர் முடியும் சமயத்தில் பெரிய கிராப்பு. பக்கமெல்லாம் ஒட்ட, உச்சி உருண்டை. பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. இலை வந்தது, முள் வந்தது, பூ மட்டும் வரவில்லை. கவனிப்பு போதவில்லை என்று நினைத்து அடுத்த வருஷம் இன்னும் கவனமாக வெட்டினார். மனுஷன் ஆசையோடுதான் செய்தார், பாவம்.

"ஒரு தடவை வெட்டாம விட்டுத்தான் பாருங்களேன்," என்றாள் மனைவி.

"சலூன் வாசல்ல பரட்டைத் தலையா? அப்புறம் எவன் நம்பி உள்ள வருவான்?"

அவள் வருஷா வருஷம் பூக்காலத்தில் செடிக்கு முன்னால் கொஞ்ச நேரம் நிற்பாள். பிறகு உள்ளே போய்விடுவாள். அது அவர் நெஞ்சில் தைக்கும். கடைசியில் ஒருநாள் அவளே சொன்னாள்: "வர்ற வருஷமும் பூக்கலைன்னா பிடுங்கிடலாங்க. பாக்கப் பாக்க மனசுக்குக் கஷ்டமா இருக்கு."

அந்த வருஷம் பார்த்து அவருடைய வலது தோள் இறுகிப்போனது. கை இடுப்புக்கு மேல் எழும்பவில்லை. கத்தரியைத் தொடவே கூடாது என்றார் டாக்டர். மனைவியின் தம்பி வந்து கடையைப் பார்த்துக்கொண்டான். அவர் வாசல் பெஞ்சில் உட்கார்ந்து செடியைப் பார்த்து வெந்துகொண்டிருந்தார். அது அவர் கண்ணெதிரே காடாக வளர்ந்து, கேட்டைத் தாண்டி, கம்பியில் சாய்ந்து, போகிற வருகிறவர் சட்டையை இழுத்தது.

"நீயாவது இதை ஒரு வழி பண்ணுடா," என்று மச்சினனிடம் கெஞ்சினார்.

"நான் மனுஷங்களுக்குத்தான் வெட்டுவேன் அத்தான்," என்று அவன் ஒரேயடியாகக் கையை விரித்துவிட்டான்.

குளிர் போயிற்று. மற்ற வீடுகளில் பூ வந்தாயிற்று, இங்கே இல்லை. சொன்ன சொல்படி, கடை விடுமுறையன்று மச்சினன் மண்வெட்டியோடு வந்தான். மனைவி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவன் குனிந்து ஒரு கிளையை விலக்கினான். முள் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டது. அதை எடுத்துவிட எழுந்து போன வகிடு அண்ணன், எடுக்காமல் அப்படியே நின்றார். கிளை நெடுக மொட்டு.

"வெளிய வா! சீக்கிரம் வா!" என்று அவர் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டிலும் கதவு திறந்தது.

முழுக்கப் பூத்தபோது கேட் தெரியவில்லை. அவர் இடது கையால் ஒவ்வொரு கிளையாகத் தடவிப் பார்த்தார். புதிதாக வந்த பச்சைத் தண்டில் ஒன்றும் இல்லை. போன வருஷத்து முற்றிய தண்டில்தான் அத்தனை பூவும். அவருக்கு முகம் செத்துவிட்டது.

"நான்தான்," என்றார். "இத்தனை வருஷமும் பூவை நான்தான் வெட்டிக் குப்பையில போட்டிருக்கேன். உன்கிட்ட எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுப் பேசுவேன்?"

அவள் அவரையும் செடியையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். "நல்லவேளை, என் தலையை உங்ககிட்ட குடுக்கல." பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து வெகுநேரம் பூவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "பசிக்குதுங்க," என்றாள். அவர் ஒரு கையாலேயே தட்டுப் போட்டு வாசலுக்குக் கொண்டுவந்தார்.

தோள் மெல்ல இளகி, அவர் மறுபடி கத்தரி பிடித்துவிட்டார். இப்போது ஒரு கிளை கேட்டின் மேலே வளைந்து கிடக்கிறது. வருகிறவர்கள் முனகுகிறார்கள், கத்தரி கையில் இருந்தும் இதை ஒரு வெட்டு வெட்டக் கூடாதா என்கிறார்கள். அவர் காதில் வாங்குவதே இல்லை. உள்ளேயிருந்தே குரல் கொடுக்கிறார்:

"கொஞ்சம் தலையைக் குனிஞ்சு வாங்க."