தேவப்பிரியம் கடைக் கேள்விகள்

"கேள்வி தெரிஞ்சவன் பாதி பாஸ் இல்லலே, முழு பாஸ்" என்று திருவொற்றியூர் ஹைரோட்டில் மளிகைக்கடை வைத்திருந்த தேவப்பிரியம் பிரகடனம் செய்தார். ஆண்டு 1953. மறுத்துப் பேசக் கடையில் யாருக்கும் துணிவில்லை. எல்லோருக்கும் அவரிடம் கேள்வி வாங்க வேண்டியிருந்தது.

நாசரேத்துப் பக்கம் நாலாம் பாரத்தோடு படிப்பை நிறுத்தி, பட்டணத்து மாமன் கடைக்கு அனுப்பப்பட்டவர் அவர். பொட்டலம் கட்ட எடைக்கு வாங்கும் பழைய காகிதத்தில் எஸ்.எஸ்.எல்.ஸி. கேள்வித்தாள்களும் வரும். கடுகுக்கும் சீரகத்துக்கும் தினசரிப் பத்திரிகையே போதும் என்று தீர்ப்பளித்து, கேள்வித்தாள்களை மட்டும் உருவி, வருஷவாரியாகச் சணலில் கோத்துத் தொங்கவிட்டார். பதினெட்டு வருஷத் தாள் சேர்ந்ததும் ஞானம் பிறந்தது. ஒருமுறை வந்த கேள்வி இரண்டு வருஷம் இளைப்பாறும். மூன்றாம் வருஷம் வந்தே தீரும். தாள் அச்சடிக்கும் சர்க்காரே அறியாத இந்த ரகசியத்தை, மார்ச் நெருங்கினால் பையன்களுக்கு இனாமாக வழங்கினார். அவர்கள் குறித்துக்கொண்டு போய், புத்தகத்தைப் புரட்டி உருப்போட்டுப் பாஸ் பண்ணினார்கள்.

துறைமுகத்தில் குமாஸ்தாவானதும் கல்யாணப் பத்திரிகையோடு வருவார்கள். தேவப்பிரியம் மணமகள் பெயரையோ முகூர்த்தத்தையோ பார்க்க மாட்டார். மாப்பிள்ளை பெயருக்குப் பின்னால் அச்சாகியிருக்கும் நாலெழுத்தை விரலால் தடவிக்கொண்டிருப்பார். தம் கடைப் பலகையிலும் பெயருக்குப் பின்னால் ஒரு சாண் இடம் விடச் சொல்லியிருந்தார். பெயிண்டர் காரணம் கேட்டதற்கு, "காத்தோட்டத்துக்கு" என்றார்.

அப்படிப் பாஸான காசிமேட்டு ஜெயவேல்தான் ஒருநாள் கிளப்பிவிட்டான்.

"இன்னா மொதலாளி, ஊருக்கே சொல்லிக்கினு கீறீங்க. நீங்க ஒருவாட்டி குந்தி எழுதினா இன்னா? பிரைவேட்டா எழுதலாமே."

"எனக்கு எதுக்குலே அது?"

"எதுக்கா?" என்றாள் உள்ளேயிருந்து மனைவி ராஜாத்தி. "தூக்கத்துல ரிஜிஸ்டர் நம்பர் சொல்லுதீகளே, அதுக்குத்தான்."

விண்ணப்பம் போயிற்று. தேவப்பிரியம் சணலை அவிழ்த்து அவிழ்த்துப் படித்தார்.

"புக்கு எட்தாந்து தரட்டா?" என்று கேட்டான் ஜெயவேல்.

"புஸ்தகம் கேள்வி தெரியாதவனுக்குலே."

மறு வருஷம் மார்ச்சில், ராயபுரத்தில் ஒரு பள்ளிக்கூட பெஞ்சில், நாற்பத்திரண்டு வயது முழங்கால்களை மடக்க முடியாமல் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு உட்கார்ந்தார். இஸ்திரி போட்ட சட்டை, புதுப் பேனா. முதுகில் பெஞ்சின் சாய்வுப் பலகை படுவதே அவருக்குச் சுகமாக இருந்தது.

சரித்திரத் தாள் வந்தது. முதல் கேள்வி, அக்பரின் ஆட்சிமுறை. இளைப்பாறி முடித்துச் சொன்னபடி வந்திருந்தது. இரண்டாவதும் அவர் சொன்னதுதான். பத்தும் அவர் சொன்னவைதான். பூரிப்போடு பேனாவைத் திறந்தார்.

அக்பரின் ஆட்சிமுறை நாற்பத்தைந்தில் வந்தது, நாற்பத்தெட்டில் வந்தது, ஐம்பத்தொன்றில் வந்தது. எல்லாம் மனப்பாடம். அந்த ஆட்சிமுறை இன்னது என்று எந்தக் கேள்வித்தாளிலும் போட்டிருக்கவில்லை.

சுற்றிலும் பையன்கள் கூடுதல் தாள் கேட்டுக் கையைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். தேவப்பிரியம் ரிஜிஸ்டர் நம்பரை எழுதினார். பிறகு பத்துக் கேள்விகளையும் வரிசை பிசகாமல், முத்து முத்தாக எழுதி, மேற்பார்வையாளரைக் கூப்பிட்டு நீட்டினார்.

"முடிஞ்சதுன்னா போகலாமே" என்றார் அவர்.

"சார், மணி அடிக்க வரைக்கும் இங்கனயே இருந்துக்கிடட்டுமா?" என்று கேட்டார் தேவப்பிரியம்.