சொலேனும் மூன்றாம் கோர்ட்டும்

முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். வைத்தியர்களும் பொறியியலாளர்களும் எழுதுகிற இந்த ஆண்டு மலரில், மன்னாரில் பத்தாம் வகுப்போடு நின்ற நான் எழுதுவது எனக்கே கூச்சமாக இருக்கிறது. "உங்கட வேலையைப் பற்றிப் பிள்ளையளுக்கு ரெண்டு பக்கம் எழுதித் தாங்கோ" என்று தமிழ்ப் பள்ளி அதிபர் மூன்று தரம் கேட்டுவிட்டார். நான்காம் தரமும் முகத்துக்கு நேரே மறுப்பதைவிட எழுதுவது எனக்குச் சுலபம்.

ஜெர்மனியில் வுப்பர்டால் நகரத்து மலைமேல் இருக்கும் ஒரு டென்னிஸ் கிளப்பில் நான் பத்தொன்பது வருடமாகப் பிளாட்ஸ்வார்ட், அதாவது கோர்ட்டுகளைப் பராமரிப்பவன். எங்களிடம் எட்டுக் கோர்ட்டுகள். எல்லாம் சிவப்பு மண். மண் என்று சொல்கிறோமே தவிர அது செங்கல்லை இடித்த பொடி. காலையில் தண்ணீர் அடிக்க வேண்டும். ஆட்டம் முடிந்ததும் பெரிய வலையை இழுத்து மண்ணைச் சமப்படுத்த வேண்டும். வெள்ளைக் கோடுகளைத் தூரிகையால் துடைக்க வேண்டும். மழை அதிகம் பெய்கிற ஊர் என்பதால் தண்ணீர் அடிப்பதைவிடத் தண்ணீர் இறைப்பதுதான் கூடுதல்.

வருடத்துக்கு ஒரு தரம், ஒரு கிழமை முழுக்க, எங்கள் கிளப்பில் பெண்களுக்கான சர்வதேசப் போட்டி நடக்கும். சின்னப் போட்டிதான். ஆனால் பெரிய ஆட்டக்காரிகள் எல்லோரும் இப்படிப்பட்ட சின்னப் போட்டிகளில் தொடங்கித்தான் மேலே போகிறார்கள். அப்படிப் போன ஒரு பிரெஞ்சுப் பிள்ளையைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். பெயர் சொலேன்.

1. முதல் வருடம்: வலையைத் தலைகீழாக இழுத்தவள்

முதல் தரம் வந்தபோது அவளுக்குப் பதினெட்டு வயது. லியோனிலிருந்து தனியாக ரயிலில் வந்தாள். பயிற்சியாளர் இல்லை. முதுகில் இருந்த பை அவளைவிடப் பெரிது. உலகத் தரவரிசையில் இலக்கமே இல்லை. தகுதிச்சுற்றின் முதல் ஆட்டத்தில் ஒரு மணித்தியாலத்தில் தோற்றாள்.

போட்டிகளில் தோற்றவர்கள் பையைத் தூக்கிக்கொண்டு நேரே குளிக்கப் போவார்கள். கோர்ட்டைச் சரிசெய்வது என் வேலை. இவள் போகவில்லை. அழுதுகொண்டே வலையை எடுத்து இழுக்கத் தொடங்கினாள். அதுவும் நடுவிலிருந்து வெளியே! அப்படி இழுத்தால் மண் எல்லாம் ஓரத்தில் சேர்ந்துவிடும். வெளியிலிருந்து சுற்றிச் சுற்றி உள்ளே வர வேண்டும். சொல்வோமா விடுவோமா என்று வேலிக்கு இந்தப் பக்கம் நான் நின்றேன். அழுகிறவளிடம் போய்ப் பிழை சொல்ல வாய் வரவில்லை. அவள் முடித்துவிட்டுப் போன பிறகு, முழுவதையும் திரும்ப இழுத்தேன்.

கிளப் உணவகத்துக் குசினியில் சமைப்பவர் யாழ்ப்பாணத்துச் சேவியர் அண்ணை. எல்லாவற்றையும் ஜன்னலால் பார்த்திருக்கிறார்.

"எட அருள்ராசா, அந்தப் பிள்ளை பத்து நிமிஷம் உன்ர வேலையைச் செய்தது. நீ அதை அழிக்க இருபது நிமிஷம் எடுத்தனி. நல்ல உத்தியோகம்தான்!"

அடுத்த நாள் அவளே என்னிடம் வந்து, "நான் பிழையாச் செய்தனான், என்ன?" என்று பள்ளிக்கூட ஜெர்மனில் கேட்டாள். எப்படித் தெரியும் என்றேன். நான் திரும்ப இழுத்ததை அவள் உடைமாற்றும் அறையிலிருந்து பார்த்திருக்கிறாள். சிரித்தாள். நான் காதுவரை சிவந்திருப்பேன். என்னுடைய நிறத்தில் அது தெரியாதது நல்லது.

2. நடுவில்

இரண்டாம் வருடம் எண்ணூற்றுச் சொச்சம் என்ற இலக்கத்தோடு வந்தாள். ஓர் ஆட்டம் வென்றாள். மூன்றாம் வருடம் ஐந்நூறுக்குக் கிட்ட. முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது. அதற்குப் பிறகு வலது மணிக்கட்டில் அறுவைச் சிகிச்சை. ஒரு வருடம் வரவே இல்லை. திரும்பி வந்தபோது இலக்கம் தொள்ளாயிரத்துக்கு மேலே. டென்னிஸில் ஏணி மட்டும்தான் உண்டு. நடுவில் நின்று இளைப்பாற இடமில்லை. விளையாடாவிட்டால் இறங்கிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

அந்த வருடம் தகுதிச்சுற்றில் இரண்டு ஆட்டம் வென்றாள். கடைசி ஆட்டம் திங்கட்கிழமை. அதிலும் வென்றால் பிரதான சுற்று. காலையில் நான் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தபோது சேவியர் அண்ணை வந்தார்.

"உனக்குத் தெரியுமே? பிள்ளைக்கு லியோனில பிசியோதெரபி படிக்க இடம் கிடைச்சிருக்கு. இண்டைக்குப் பின்னேரத்துக்குள்ள வாறன், வரேல்லை எண்டு பதில் போட வேணுமாம். இண்டைக்குத் தோத்தா ராக்கெட்டை வச்சிட்டுப் படிக்கப் போறதாம்."

"உங்களுக்கு ஆர் சொன்னது?"

"அந்தப் பிள்ளையேதான். பருப்பும் சோறும் குடுத்தா ஆக்கள் எல்லாம் சொல்லுவினம். நீயும் மண்ணோட கதைக்காமல் மனுசரோட கதைச்சுப் பார்."

3. திங்கட்கிழமை

மூன்றாம் கோர்ட். எதிரே செக் நாட்டு உயரமான பெண். தகுதிச்சுற்றில் நாற்காலியில் நடுவர் இருக்கமாட்டார். தன் பக்கத்தில் விழும் பந்து உள்ளேயா வெளியேயா என்று அந்தந்த ஆட்டக்காரியே சொல்ல வேண்டும். சந்தேகம் வந்தால் மண்ணில் விழுந்த தடத்தைப் பார்ப்பார்கள். கோட்டுக்கும் தடத்துக்கும் நடுவே சிவப்பு மண் தெரிந்தால் பந்து வெளியே. தெரியாவிட்டால் உள்ளே. இருவருக்கும் ஒத்துவராவிட்டால் தலைமை நடுவரைக் கூப்பிட வேண்டும்.

முதல் செட்டில் சொலேன் ஆறுக்கு ஐந்து முன்னால். இன்னும் ஒரு புள்ளி எடுத்தால் செட் அவளுக்கு. செக் பெண் அடித்த பந்து பின்கோட்டுக்குக் கிட்ட விழுந்தது. சொலேன் "அவுட்" என்று விரலை உயர்த்தினாள். செட் முடிந்தது.

செட் முடிந்தால் இரண்டு நிமிட ஓய்வு. அதற்குள் நான் கோடு துடைக்க வேண்டும். இங்கே என் குணத்தைச் சொல்ல வேண்டும். ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது கோர்ட்டுக்குள் நிற்பது எனக்கு ஏலாது. அதனால் செட் முடிந்த கணமே ஓடிப்போய், மளமளவென்று துடைத்துவிட்டு வெளியே வந்துவிடுவேன். கிளப் தலைவர் இதைச் சுறுசுறுப்பு என்று நினைத்துப் பாராட்டியிருக்கிறார்.

அன்றும் அப்படித்தான் ஓடினேன். பின்கோட்டில் தூரிகையை வைத்து இழுத்தேன். நிமிர்ந்தால் செக் பெண் வலையைச் சுற்றி எனக்கு நேரே வந்துகொண்டிருக்கிறாள். தடம் பார்க்க வருகிறாள்! தடம் என் தூரிகைக்குள்.

அவள் கத்தினாள். தலைமை நடுவர் கெல்லர் அம்மா வந்தார். என்னைப் பார்த்த பார்வையில் நான் பாதியாகிவிட்டேன்.

"தடம் இல்லை. தடம் இல்லாவிட்டால் ஆட்டக்காரி சொன்னதுதான் முடிவு. அவுட். முதல் செட் சொலேனுக்கு," என்றார்.

அதோடு முடிந்திருக்கும். செக் பெண் ராக்கெட்டை நிலத்தில் போட்டுவிட்டு நாற்காலிக்குப் போனாள். ஆனால் சொலேன் எழுந்து என்னிடம் வந்தாள்.

"நீங்கள் தடத்தைப் பார்த்தனீங்களா?"

பார்த்திருந்தேன். பல வருடப் பழக்கத்தில் தூரிகை போகுமுன் கண் போய்விடும். முட்டை வடிவத் தடத்தின் ஒரு நுனி வெட்டுப்பட்டு, கோட்டோடு ஒட்டியிருந்தது. நடுவில் சிவப்பு மண் இல்லை. பந்து உள்ளே.

முப்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உணவகத்து மேல்தளத்திலிருந்து ஒரு குரல், அந்த மலையில் என்னைத் தவிர யாருக்கும் விளங்காத பாஷையில்:

"அருள்ராசா! காணேல்லை எண்டு சொல்லடா! கேட்டதே? காணேல்லை!"

கெல்லர் அம்மா நிமிர்ந்து பார்த்தார். "அவர் என்ன சொல்கிறார்?"

"சாப்பாடு ஆறுதாம்," என்றேன். அன்று நான் சொன்ன பொய் அது ஒன்றுதான்.

பிறகு சொலேனைப் பார்க்காமல், கோட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்: "கோட்டில பட்டிருந்தது."

"நிச்சயமா?"

"ஓம். நிச்சயம்."

ஜெர்மனில் பேசிக்கொண்டிருந்தவன் அந்தப் பதற்றத்தில் தமிழில் "ஓம்" என்றே சொல்லிவிட்டேன். அவளுக்கு விளங்கியது. கெல்லர் அம்மா, "பிளாட்ஸ்வார்ட் சொல்வது விதிப்படி செல்லாது. நீ விட்டுக்கொடுக்கத் தேவையில்லை," என்றார். சொலேன் தோளைக் குலுக்கிவிட்டு எதிர்ப்பக்கம் திரும்பி, "டியூஸ்!" என்றாள். புள்ளி அந்தப் பெண்ணுக்குப் போய் இருவரும் சமமானார்கள். முடிந்த செட் மறுபடி தொடங்கியது.

அந்தச் செட் ஆறுக்கு ஆறு என்று வந்து, டைபிரேக்கில் சொலேன் தோற்றாள்.

நான் கருவிக் கொட்டகைக்குள் போய் உட்கார்ந்துகொண்டேன். கொட்டகைச் சுவரில் நான் ஒட்டிவைத்த சூசையப்பர் படம் ஒன்று இருக்கிறது. அவரும் தச்சர், கைவேலைக்காரர்தானே என்று அவரிடம் முறையிட்டேன். சேவியர் அண்ணை ஏப்ரனோடு வந்து கதவில் நின்றார்.

"உனக்கு விசரே? அந்தப் பிள்ளையின்ர சீவியத்தைத் தும்புத்தடியால கூட்டிப்போட்டு வந்து இருக்கிறாய்!"

"அது தும்புத்தடி இல்லை அண்ணை, தூரிகை."

"வாயைப் பார்! அங்க நிண்டு ஒரு பொய் சொல்ல வராத வாய்!" என்றவர், சற்றுப் பொறுத்து, "எழும்பு. ரெண்டாவது செட் நாலுக்கு மூண்டு. அவள்தான் முன்னுக்கு," என்றார்.

இரண்டாம் செட்டை அவள் வென்றாள். தகுதிச்சுற்றில் மூன்றாம் செட் கிடையாது. பத்துப் புள்ளி டைபிரேக்; வெல்ல இரண்டு புள்ளி வித்தியாசமும் வேண்டும். ஒன்பதுக்கு எட்டு என்று செக் பெண் முன்னால் நின்றபோது சேவியர் அண்ணை என் கையைப் பிடித்துக்கொண்டார். அவருடைய கையில் வெங்காயம் மணத்தது. சொலேன் பன்னிரண்டுக்குப் பத்து என்று வென்றாள். கடைசிப் பந்து கோட்டிலிருந்து ஒரு முழம் உள்ளே விழுந்தது. யாரும் தடம் பார்க்கத் தேவைப்படவில்லை.

பின்னேரம் குசினி மேசையில் இருந்து சோறு சாப்பிட்டுக்கொண்டே, ஒரு கையால் கைத்தொலைபேசியில் லியோனுக்கு "வரவில்லை" என்று எழுதி அனுப்பினாள். என்னிடம், "அடுத்த முறை கொஞ்சம் ஆறுதலாத் துடையுங்கோ," என்றாள்.

"விளக்குமாத்தையே பறிச்சு வைக்கிறன், நீ சாப்பிடு பிள்ளை," என்றார் சேவியர் அண்ணை தமிழில். அவள் தலையாட்டினாள்.

அதற்குப் பிறகு அடுத்த வருடம் முந்நூறு, அதற்கடுத்து நூற்றைம்பது. இப்போது முதல் நூறுக்குள் இருக்கிறாள். எங்கள் போட்டிக்கு வருவதில்லை. அவளுடைய இலக்கத்துக்கு இது சின்ன இடம். பாரிஸில் அவள் விளையாடுவதை உணவகத்துத் தொலைக்காட்சியில் பார்த்தோம். அங்கே கோடு துடைப்பவர்கள் ஆறு பேர். நான் அவர்களைத்தான் கூடுதலாகப் பார்த்தேன்.

வேலைக்குப் போகப்போகும் பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். கூச்சம் இருந்தால் இருக்கட்டும். ஆனால் அதற்காக வேலையை அவசரப்படுத்தாதீர்கள். இரண்டு ஆட்டக்காரிகளும் நாற்காலியில் உட்கார்ந்த பிறகே நான் இப்போது தூரிகையை எடுக்கிறேன். பிழை செய்துவிட்டால், யாராவது கேட்கும்போது கண்டதைச் சொல்லிவிடுங்கள். குரல் சின்னதாக இருந்தாலும் போதும்.

அந்தத் திங்கட்கிழமைக்கு மறுநாள், பிரதான சுற்றின் முதல் ஆட்டத்தில் சொலேன் 6-1, 6-2 என்று தோற்றாள். வெயில் கூடுதலாக இருந்ததால் மூன்றாம் கோர்ட்டுக்கு இரண்டு தரம் தண்ணீர் அடித்தேன்.