இறக்கத்தில் நின்ற கதாநாயகன்

பிரேக்கு அக்கா கேளிக்கைப் பூங்காவில் உயரத்துக்கு ஏறிச் சரியும் பெரிய ரயிலை ஓட்டுகிறவர். உள்ளே உட்கார்ந்து அல்ல. கீழே கண்ணாடி அறையில் நின்று பச்சைப் பொத்தானை அமுக்கி. பதினொரு வருடமாக அதே அறை, அதே பொத்தான், வலது காலில் மட்டும் வீக்கம். நிஜப் பெயர் வீட்டுக்காரருக்கே யோசித்தால்தான் வரும்.

ரயில் முதலில் வெறும் ரயில்தான். நடுவில் ஒரு சினிமா பாகம் பாகமாக வந்து சக்கைப்போடு போட்டது. நிர்வாகம் அதன் கதாநாயகனை இரண்டு மாடி உயரத்துக்குச் செய்து, ரயில் தலைகுப்புற விழும் இடத்தில் வாளோடு நிறுத்தியது. கூட்டம் அள்ளியது. போன மாதம் நாலாம் பாகம் வந்தது; மூன்றாம் நாளே தியேட்டரில் ஈ ஓட்டினார்கள். இங்கேயும் வரிசை பாதியானது.

மேலாளர் வந்தார். "அக்கா, மாசக் கடைசியில ரயிலைப் பிரிச்சிடறோம். படமே படுத்திருச்சு, இனி யாரு ஏறுவா? உங்களுக்கு வண்டி நிறுத்தற இடத்துல டோக்கன் குடுக்கற வேலை."

அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பயந்த பிள்ளையின் பெல்ட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்து, "நான் கீழயேதான் இருக்கேன், கத்தணும்னா கத்து" என்று சொல்லி அனுப்புகிறவர் அவர். அதை இனிமேல் யாரிடம் சொல்வது, காரிடமா?

"சார், வாளோட நிக்கிற அந்த ஆளை இதுவரைக்கும் எத்தன பேர் பாத்திருப்பாங்க?"

"என்னக்கா கேள்வி இது? ஏறுன எல்லாரும்தான்."

இறக்கத்தில் ஒரு கேமரா ஏறியவர்களைப் படமெடுக்கும். படம் அக்காவின் திரையில் வரும். அன்றைய படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினார். எல்லா வாயும் திறந்திருந்தது. எல்லாக் கண்ணும் மூடியிருந்தது.

"குடும்பத்தோட கண்ணை இறுக்கிக்கிறாங்க சார். போஸ்டரைப் பாத்து ஒரு தடவை வருவாங்க. மறுபடி வர்றது அடிவயிறு கூசுறதுக்கு."

"நான்னா கண்ணை மூட மாட்டேன்."

"அப்போ ஏறுங்க."

"இப்பதான் சாப்பிட்டேன்."

"ரொம்ப நல்லது. ஏறுங்க."

ஏறினார். படத்தில் அவருடைய டை காதுமேல் கிடந்தது. கண் இரண்டும் தையல் போட்ட மாதிரி இருந்தது. இறங்கியவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "இன்னொரு தடவை விடுங்க, இப்ப பாக்கறேன்" என்றார். மூன்று தடவை விட்டார் அக்கா. மூன்றிலும் அதே தையல்.

"ரயில் இருக்கட்டும்," என்றார் மேலாளர், மூச்சு வாங்க. "அவனை மட்டும் இறக்கிடுவோம்."

மறுவாரம் கிரேன் வந்து கதாநாயகனைக் கழுத்தில் கயிறு மாட்டித் தூக்கிப்போனது. வரிசை பழைய அளவுக்கு வரவில்லை. ஆனால் நிற்கிறவர்களில் பாதிப் பேர் அக்காவுக்குத் தெரிந்த முகங்கள்.