பார்க்காமல் போட்ட கையெழுத்து

என்னைப் போல ஒரு சோம்பேறிச் சாட்சியை எந்தப் போலீஸும் பார்த்திருக்காது. சொல்லவே நாக்குக் கூசுகிறது. ஆனாலும் சொல்லித் தொலைக்கிறேன்.

உத்திரமேரூரில், பெருநகர் போகும் ரோட்டில் என் உரக்கடை. கடைக்கு எதிரேதான் அடிக்கடி வண்டிகளை மடக்குவார்கள். சோதனை போடும்போது அக்கம்பக்கத்து ஆட்கள் இரண்டு பேர் நின்று பார்த்து, கையெழுத்துப் போட வேண்டும். அந்த வேலை எனக்கோ பக்கத்து டீக்கடைக்காரருக்கோதான் வரும். தபால் வாங்கக் கையெழுத்துப் போடுவதுபோல் போட்டுவிட்டு எங்கள் வேலையைப் பார்ப்போம்.

அன்று யூரியா வந்த நாள். கடையில் ஒரே கூட்டம். அப்போது காவாந்தண்டலத்துக்காரர் ஒருவரின் சின்ன லோடு வண்டியை நிறுத்தினார்கள். தவிட்டு மூட்டை என்றார் அவர். அடியில் ரேஷன் அரிசி இருப்பதாகத் தகவல் என்றார் ஏட்டு. மூட்டையைப் பிரிக்கப் போனதும் வண்டிக்காரர் குறுக்கே போய் நின்றார்.

"சாட்சி இல்லாம கை வெக்காதீங்க சார். ரூல் கீது."

"ரூல் பேசறியா? யாருய்யா உனுக்கு சாட்சி?"

அவர் என் கடைப் பக்கம் கையைக் காட்டினார். "தோ, பாய் கீறாரு. அவரு வந்து பாக்கட்டும். போதும்."

எனக்கு எரிச்சல் தலைக்கேறியது. ஊரில் வேறு ஆளே இல்லையா! "நீங்க பிரிங்க சார், வர்றேன்" என்று இருந்த இடத்திலிருந்தே கத்தினேன். போகவில்லை. கொஞ்ச நேரத்தில் ஏட்டே தாளோடு கடைக்கு வந்தார். பாதிதான் எழுதியிருந்தது. ஒரு கையால் சில்லறை கொடுத்தபடி மறு கையால் கையெழுத்துப் போட்டேன்.

மூட்டைக்குள் அரிசி இருந்ததா இல்லையா, அல்லாவுக்கே வெளிச்சம். இருந்தது என்கிறது தாள். நான் பார்த்தேன் என்றும் சொல்கிறது.

மறு வாரம் வண்டிக்காரர் கடைக்கு வந்தார்.

"உள்ள இன்னா இருந்துச்சுன்னு நீங்க பாத்தீங்களா பாய்?"

நான் கல்லாவில் சில்லறையை எண்ண ஆரம்பித்தேன்.

"பாக்கலன்னு கோர்ட்டுல வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க. அந்த வண்டிதான் பாய் எனக்குச் சோறு."

"போலீஸோட என்னை மல்லுக்கு நிக்கச் சொல்றியா? நான் இங்க கடை வெச்சிப் பொழைக்க வேணாமா?" என்று சீறினேன். உள்ளே பயம், வெளியே கோபம். அவர் போய்விட்டார். பறிமுதலான வண்டி இன்னும் ஸ்டேஷன் ஓரத்தில்தான் நிற்கிறது, டயர் இறங்கி, கொடி படர்ந்து. அந்த வழியாகப் போனால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன். வெட்கங்கெட்ட மனுஷன் நான்.

போன மாதம் உர லாரியில் மூட்டை இறக்க வந்த கூலியாட்களில் அவரும் இருந்தார். நான் பில் புத்தகத்தில் தலையைப் புதைத்துக்கொண்டேன். இறக்கி முடித்ததும், பாழாய்ப்போன நேரம், அவரே ரசீதைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். பழக்க தோஷம், கை பேனாவை எடுத்துவிட்டது.

"மூட்டைய எண்ணிப் பாத்துட்டுப் போடுங்க பாய்."

குத்திக்காட்டும் குரல் இல்லை. அப்படி இருந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

எழுந்து போனேன். ஒவ்வொரு மூட்டையாகத் தொட்டு எண்ணினேன். அவர் பக்கத்திலேயே நின்றார்.

"சரியா கீதா பாய்?"

சரியாக இருந்தது. எண்ணி முடிக்க ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.