பேனர் பக்கம் நான் போட்ட கோடுகள்

என் ஓரகத்தியின் மேல் எனக்குப் பொறாமை இருந்தது. சுற்றி வளைக்காமல் அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவள் என் கொழுந்தனைக் கட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தவள், என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவள். கெட்டவள் இல்லை. அவளிடம் ஒரு குறையாவது கிடைத்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

சிம்பாங் ரெங்கம் என்ற சிற்றூரில் ஒரு காப்பிக் கடைக்கு மேல்மாடியில் ரவிக்கை தைக்கும் கடை வைத்திருக்கிறேன். அவள் வருவதற்கு முன்பே அதை எட்டு வருடம் தனியாக நடத்தியிருந்தேன். மாடிக் கடை என்பதால் தெருவில் போகிறவர்கள் கண்ணில் படாது. அதனால் ஆட்களைப் படியேற வைப்பதே பெரிய வேலை. மூத்தவன் வயிற்றில் இருந்தபோது கோயில் திருவிழாவில் வாசல் ஓரமாக நின்று நோட்டீஸ் கொடுத்திருக்கிறேன். பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் காய்கறி வாங்க வந்த பெண்களிடம் காகிதத்தை நீட்டி, அதில் அவர்கள் மீன் சுற்றிக்கொண்டு போவதையும் பார்த்திருக்கிறேன். பிறகு முச்சந்தியில் ஒரு பேனர் கட்டினோம். ஊதா நிறம், நடுவில் ஒரு பட்டு ரவிக்கையின் படம், கீழே கடையின் தொலைபேசி எண். அந்தப் பேனரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் கர்வமாக இருக்கும்.

ஓரகத்தி கல்யாணத்துக்கு முன்பு சிங்கப்பூரில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தவள். தினமும் எல்லைப் பாலத்தைக் கடந்து போய் வந்து அலுத்துப்போய், கல்யாணத்துக்குப் பிறகு என் கடையிலேயே சேர்ந்துகொள்கிறேன் என்றாள். அவளுக்குத் தையல் வராது. ஆனால் சேலையை முன்கூட்டியே மடிப்பு எடுத்து, இஸ்திரி போட்டு, ஊசி குத்தி, பெட்டியில் வைத்துக் கொடுப்பாள். வாங்கிப் போகிறவர்கள் சட்டை மாட்டுவதுபோல ஐந்து நிமிடத்தில் உடுத்திக்கொள்ளலாம். சேலை கட்டத் தெரியாத பெண்களுக்கும், ஆசிரியர் தினத்துக்கு அவசரமாகக் கிளம்பும் டீச்சர்களுக்கும் அது பெரிய உதவி.

அவள் அந்த வேலையை வீடியோ எடுத்து இணையத்தில் போட்டாள். மூன்றுகால் ஸ்டாண்டில் கைப்பேசியை மாட்டி வைத்துவிட்டு, குவியலாகக் கிடக்கும் சேலையை ஒரு நிமிடத்தில் பெட்டிக்குள் அடக்குவாள். முகத்தில் ஒரு சிரிப்பு, கையில் கண்ணாடி வளையல். அவ்வளவுதான். மூன்றாவது மாதத்தில் சுற்றியுள்ள ஊர்களான குளுவாங்கிலிருந்தும் லாயாங் லாயாங்கிலிருந்தும் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். சிங்கப்பூரில் வேலை செய்யும் பெண்கள் சனிக்கிழமைகளில் கார் நிறைய வந்தார்கள்.

எனக்கு அது சந்தோஷமாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

ஒரு சனிக்கிழமை லாயாங் லாயாங்கிலிருந்து ஒரு கல்யாணப் பெண்ணும் அவளுடைய அம்மாவும் வந்தார்கள். பெண் உள்ளே நுழைந்ததும் சுற்றிப் பார்த்தாள்.

"அந்த வீடியோல வர்ற அக்கா இல்லையா?"

"பக்கத்துல பேங்குக்குப் போயிருக்காங்க. ப்ளவுஸ்தானே? நான்தான் தைக்கிறேன். வாங்க, அளவு எடுத்துடலாம்."

"பரவால்ல ஆண்ட்டி, அவங்க வரட்டும். நாங்க வெயிட் பண்றோம்."

முக்கால் மணி நேரம் இருவரும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். நான் தண்ணீர் கொடுத்தேன். அவள் அக்கா, நான் ஆண்ட்டி. அன்று மதியம் வீடியோக்களுக்குக் கீழே வந்திருந்த கருத்துகளை ஒவ்வொன்றாகப் படித்தேன். மூன்று நாள் உட்கார்ந்து நான் மணி கோத்த ஒரு ரவிக்கையை அவள் போட்டுக்கொண்டு நின்றிருந்தாள். 'அக்கா, கை டிசைன் சூப்பர், நீங்களே தைச்சதா?' என்று யாரோ கேட்டிருந்தார்கள். அவள் பதிலுக்கு ஒரு சிவப்பு இதயம் மட்டும் போட்டிருந்தாள். அந்த இதயத்தை எத்தனை முறை பார்த்தேன் என்று எனக்கே தெரியாது.

என் கணவர் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் பிரிவில் இருப்பவர். எதையும் கணக்கெடுக்காமல் அவரால் இருக்க முடியாது. பேனரைப் புதுப்பிக்க வேண்டுமா, நோட்டீஸ் அடிக்க வேண்டுமா என்று வீட்டில் பேச்சு வந்தபோது அவர்தான் சொன்னார்: "எது ஆள கொண்டாருதுன்னு தெரியாம எதுக்குச் செலவு பண்றீங்க? வர்றவங்ககிட்ட ஒரு வார்த்தை கேளுங்க. எழுதி வைங்க. ரெண்டு மாசம் கழிச்சிப் பார்ப்போம்."

ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகத்தில் அவரே கட்டம் போட்டுக் கொடுத்தார். பேனர், நோட்டீஸ், வீடியோ, தெரிந்தவர் சொன்னது. ஓர் ஆளுக்கு ஒரு கோடு. ஓரகத்தி உள்ளறையில் இஸ்திரி போடுவாள். முன்மேசையில் உட்காருபவள் நான். அதனால் பேனா என் கையில்.

முதல் வாரம் ஒழுங்காகத்தான் எழுதினேன். வீடியோ கட்டம் நிரம்பிக்கொண்டே போனது. கோடு போடும்போதெல்லாம் யாரோ என்னைக் கிள்ளுவதுபோல இருந்தது. இரண்டாவது வாரம் ஒரு பெண் வந்தாள். "வீடியோ பார்த்தேன்க்கா, கடை எங்கன்னு தெரியல. கோயில்ல ஒருத்தவங்ககிட்ட கேட்டேன். அப்புறம் முச்சந்தில உங்க பேனர பார்த்து உள்ள திரும்பினேன்" என்றாள். எந்தக் கட்டத்தில் போடுவது? உண்மையிலேயே எனக்குத் தெரியவில்லை. பேனரில் போட்டேன். மனதுக்கு இதமாக இருந்தது.

அதற்குப் பிறகு நான் கேள்வியை மாற்றிக்கொண்டேன். யாராவது "வீடியோ பார்த்து வந்தோம்" என்றால், "வர்ற வழியில பேனர பார்த்தீங்களா?" என்று சிரித்தபடி கேட்பேன். முச்சந்தியைத் தாண்டாமல் யாரும் வர முடியாது. "ஆமா, பார்த்தோமே" என்பார்கள். பேனர் பக்கம் ஒரு கோடு. ஒரு மாதம் போனபின் அந்தக் கேள்விகூடத் தேவைப்படவில்லை. கை தானாகவே பேனர் பக்கம் போனது, சில நாள் நோட்டீஸ் பக்கம். பொய் எழுதுகிறோம் என்ற எண்ணம் எனக்கு வரவில்லை. எனக்குச் சேர வேண்டியதை எடுத்துக்கொள்கிறேன் என்றுதான் நினைத்தேன்.

இரண்டு மாதம் முடிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நான்கு பேரும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தோம். என் கணவர் கோடுகளைக் கூட்டினார். பேனர் முதலாவதாக வந்தது, அடுத்தது நோட்டீஸ். வீடியோ மிகவும் பின்னால் இருந்தது.

கொழுந்தன் ஆச்சரியப்பட்டார். "அலமாக், அவ வாரத்துல ரெண்டு நாள் அதுக்கே செலவு பண்றாளே."

"அப்ப அந்த ரெண்டு நாள்ல இன்னும் பத்துச் சேலை மடிக்கலாம்" என்றார் என் கணவர். "வீடியோவ நிறுத்திட்டு, டோல் பக்கம் இன்னொரு பேனர் கட்டலாம்."

ஓரகத்தி புத்தகத்தைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தாள். வீடியோ கட்டத்தில் இருந்த கோடுகளை விரலால் எண்ணினாள். பிறகு, "சரிக்கா, புக்குல இருக்குற மாதிரியே செய்வோம்" என்றாள். மறுநாள் கடைக்கு வந்தபோது ஸ்டாண்டை மடித்து அலமாரியின் மேல் வைத்திருந்தாள்.

அன்று முழுவதும் நான் பாட்டுப் பாடிக்கொண்டே தைத்தேன். இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் அப்படித்தான் நடந்தது.

புதுப் பேனர் வந்தது. முதல் சில வாரங்கள் எந்த மாற்றமும் தெரியவில்லை. பிறகு சனிக்கிழமைக் கார்கள் குறைந்தன. தொலைபேசி அடிப்பது குறைந்தது. தீபாவளிக்கு முந்தைய மாதங்களில் எனக்குக் கழுத்து நிமிர நேரம் இருக்காது. அந்த வருடம் மதியங்களில் கீழேயிருந்து காப்பிக் கடைக்காரர் ஆர்டர் கூவுவதைக் கேட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். இரண்டு பேனர்கள் இருந்தும் பேனர் கட்டத்தில் கோடு ஏறவில்லை.

பழைய வாடிக்கையாளரான ஒரு டீச்சர் ஒருநாள் படியேறி வந்து, என்னைப் பார்த்து நெஞ்சில் கைவைத்தார்.

"நல்லவேளை! நீங்க கடைய மூடிட்டீங்கன்னு நெனச்சிட்டேன்."

"ஏன் டீச்சர்? முச்சந்தில பேனர் இருக்கே."

"பேனர் இருக்குலா. ஆனா வீடியோ ஒன்னும் வரல. கடைய மூடிட்டாங்க, பேனர மட்டும் கழட்டாம விட்டுட்டாங்கன்னு ஸ்டாஃப் ரூம்ல பேசிக்கிட்டோம். எங்க ஸ்கூல்ல நாலு பேரு வேற எடத்துல குடுத்துட்டாங்க."

எனக்குக் காது சூடானது. என் பேனர் தனியாக யாரையும் கூட்டி வந்ததில்லை. வீடியோவில் பார்த்தவர்களுக்கு அது வழி காட்டியது, நினைவுபடுத்தியது. வீடியோவும், நான் வருடக்கணக்கில் கொடுத்த நோட்டீஸும், யாரோ கோயிலில் சொன்ன ஒரு வார்த்தையும் சேர்ந்துதான் ஓர் ஆளைப் படியேற வைத்தன. அன்று கோயிலில் விசாரித்து, பேனரைப் பார்த்துத் திரும்பிய பெண் அதைத்தான் என்னிடம் சொல்லியிருந்தாள். நான் காதில் வாங்கவில்லை.

டீச்சர் போன பிறகு உள்ளறைக்குப் போனேன். ஓரகத்தி ஒரு பச்சைச் சேலைக்கு மடிப்பு எடுத்துக்கொண்டிருந்தாள். நின்றபடியே சொன்னேன், எல்லாவற்றையும். கோடு போட்டது, கேள்வியை மாற்றியது, பாட்டுப் பாடியது வரை.

அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"ஏன்க்கா?"

"எல்லாரும் உன்னையே கேட்டாங்க மா. எனக்குப் பொறுக்கல."

"என்னைக் கேட்டா ப்ளவுஸ் உங்ககிட்டதானே வருது?" அவள் பாதி மடித்த சேலையைத் தள்ளி வைத்தாள். "கமெண்ட் போடுறாங்க, ஆனா என் வீடியோவ பார்த்து யாரும் வரலன்னு நெனச்சேன்க்கா. என் மூஞ்சி நல்லா இல்லயோன்னுகூட நெனச்சேன். கண்ணாடிய பார்க்கவே புடிக்கல. அவர்கிட்ட சொல்லி அழுதேன். உங்களுக்குத் தெரியுமா?"

எனக்குத் தெரியாது. அவள் ஊசிகளைப் பொறுக்கி டப்பாவில் போட்டாள், பையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள். அன்று மாலையே பெக்கான் நானாஸில் இருக்கும் தன் அம்மா வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள்.

கணவரிடம் நானே சொன்னேன். அவர் கத்தவில்லை. "ஃபேக்டரில ஒருத்தன் இப்படி எழுதியிருந்தா அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்போம்" என்றார். பிறகு இரண்டு நாள் என்னிடம் தேவைக்கு மட்டும் பேசினார்.

நான்காம் நாள் நானே காரை ஓட்டிக்கொண்டு பெக்கான் நானாஸுக்குப் போனேன். அவளுடைய அம்மா கதவைத் திறந்து, முகத்தில் எதையும் காட்டாமல் "உள்ள வாங்க" என்றார். அவர் முன்னாலேயே மன்னிப்புக் கேட்டேன். ஓரகத்தி தரையில் உட்கார்ந்து பெட்டிகளுக்கு ஒட்டும் பொன்னிற நாடாவை வெட்டிக்கொண்டிருந்தாள். கடை வேலையை வீட்டுக்கு எடுத்து வந்திருக்கிறாள் என்று பார்த்ததும் எனக்கு மூச்சு வந்தது.

"வர்றேன்க்கா. ஆனா புக்கு என்கிட்ட இருக்கணும்."

"வச்சிக்கோ."

"எது கொண்டாந்துச்சுன்னு கேட்கக் கூடாது. முதல்ல எங்க பார்த்தீங்க, அப்புறம் எங்க பார்த்தீங்க, இன்னைக்கு எதனால வந்தீங்கன்னு கேட்கணும். ஒரு ஆளுக்கு எத்தனை கோடு வேணும்னாலும் போடலாம்."

"சரி."

"நீங்களும் வீடியோல வரணும்."

அதற்கு மட்டும் நான் உடனே சரி சொல்லவில்லை. என் கையை மட்டும் காட்டலாம் என்று பேரம் பேசினேன். அவளுடைய அம்மா அதுவரை பேசாமல் இருந்தவர், "கையில என்ன இருக்கு, மூஞ்சியும் வரட்டும்" என்றார். மூவரும் சிரித்தோம். ஓரகத்தி முதலில் நிறுத்திக்கொண்டாள்.

பிறகு எல்லாவற்றையும் ஒன்றோடொன்று பொருத்தினோம். பேனரில் இருந்த ரவிக்கைப் படத்தை எடுத்துவிட்டு, வீடியோவில் வரும் அவளுடைய உருவத்தையே, அதே வளையல் கையோடு போட்டோம். நோட்டீஸிலும் அதே படம். வீடியோவில் நான் மணி கோப்பதும் முகத்தோடு வந்தது. அதன் கடைசியில் முச்சந்தியும் பேனரும் காப்பிக் கடைப் படியும் வரும்படி எடுத்தாள். சேலை வாங்கிப் போகிறவர்களின் பெட்டிக்குள் ஒரு சிறு அட்டை வைத்தோம், தோழிக்குக் கொடுக்க. புதுப் புத்தகத்தில் ஓர் ஆளுக்கு இரண்டு கோடு, மூன்று கோடு விழுந்தது. ஒற்றைக் கோட்டோடு வந்தவர்கள் மிகக் குறைவு. அந்தத் தீபாவளி எங்களுக்குக் கை நழுவிப் போனதுதான். பொங்கலுக்குக் கொஞ்சம் மீண்டோம், அடுத்த கல்யாணப் பருவத்தில் சனிக்கிழமைக் கார்கள் திரும்பின.

பொறாமை போய்விட்டதா என்றால், இல்லை. கருத்துகளை இன்னும் நான் படிக்கிறேன். என்னைப் பற்றி யாராவது எழுதியிருந்தால் இரண்டு முறை படிக்கிறேன்.

போன மாதம் மதியச் சாப்பாட்டின்போது அவள் சொன்னாள்: "அக்கா, குளுவாங்ல ஒரு சின்னக் கடை காலியா இருக்காம்."

அவள் இன்னும் முடிக்கவில்லை. தனியாகப் போகப் போகிறாள், ஆட்களெல்லாம் அவள் பின்னால் போவார்கள், நான் இங்கே ஆண்ட்டியாக உட்கார்ந்திருப்பேன் என்று ஒரு நொடியில் மனதில் எல்லாம் ஓடியது. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

"கேட்குறீங்களா? வாரத்துல ரெண்டு நாள் நீங்க அங்க உட்காருங்க. குளுவாங்காரங்க ப்ளவுஸ்தான் அதிகம் கேட்குறாங்க. நான் இங்க பார்த்துக்குறேன்."

நான் தலையைத் தூக்கவில்லை. தூக்கியிருந்தால் என் முகத்தில் இருந்ததை அவள் படித்திருப்பாள்.

"பார்க்கலாம் மா" என்றேன். "வாடகை என்னன்னு விசாரி."