டஸ்கி லேனும் வேதவள்ளியும்

மலேசியாவின் ஈப்போ குதிரைப் பந்தயத் திடலில் வேதவள்ளியின் அப்பா குதிரைக்காரராக இருந்தவர். பெண்பிள்ளைகளை லாயத்துக்குள் அவர் விட்டதே இல்லை. கல்யாணமாகி நியூசிலாந்தின் ஆக்லாந்துக்கு வந்து, கணவன் வீரையா பஸ் ஓட்டப் போன பிறகு, பாப்பாகுராவில் ஒரு லாயத்துக்கு ஆள் தேவை என்று கேள்விப்பட்டு அவளே போய் நின்றாள். அது 1980. பயிற்சியாளர் கொலின் அவள் கையில் கொடுத்தது டஸ்கி லேன் என்ற பழுப்புநிறப் பெண்குதிரையை.

குதிரைமேல் ஆள் ஏறி ஓட்டும் பந்தயமல்ல அது. பின்னால் இலேசான இருசக்கர வண்டி, அதில் ஓட்டுபவர். குதிரை ஒரே சீரான நடையில் ஓட வேண்டும். பாய்ச்சலில் கிளம்பிவிட்டால் இழுத்துப் பிடிக்க வேண்டும். அதற்குள் மற்றவை முந்திவிடும். முதல் வருஷம் முழுக்க டஸ்கி லேன் பாய்ந்துகொண்டேதான் இருந்தது.

தேய்த்துவிடும்போதெல்லாம் வேதவள்ளி அதனிடம் பேசுவாள். "மெதுவாடி, மெதுவா." அந்தக் குரலுக்கு அதன் காது திரும்புவதைப் பார்த்த கொலின், அந்த ஒரு சொல்லைக் கற்றுக்கொண்டு வண்டியில் ஏறினார். அதன்பின் இரண்டு கோடைகளுக்கு அலெக்சாண்ட்ரா பார்க் பந்தயத் திடலில் டஸ்கி லேனை முந்த ஆளில்லை.

1983இல் முன்னங்காலில் தசைநார் கிழிந்தது. அதோடு பந்தயம் முடிந்தது. வேறொரு நல்ல குதிரையைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார் கொலின். அவளோ டஸ்கி லேனைக் கொண்டுபோன புக்கெகோஹே இனவிருத்திப் பண்ணையில் வேலை கேட்டு வாங்கிக்கொண்டாள்.

"ஓடற குதிரையை விட்டுட்டு, நொண்டற குதிரை பின்னால போறியே வள்ளி," என்றார் வீரையா.

"நொண்டறதுக்குத்தாங்க ஆள் வேணும்."

டஸ்கி லேனுக்கு முதல் கரு தங்கவில்லை. அடுத்த வருஷம் சினையே பிடிக்கவில்லை. விற்றுவிடலாம் என்றார் குதிரையின் உரிமையாளர். இன்னும் ஒரு வருஷம் பொறுக்கும்படி வேதவள்ளி கேட்டுக்கொண்டாள்.

1986 அக்டோபரில் ஒரு காலை பெண்குட்டி பிறந்தது. தாய் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. பால் குடிக்க வந்தால் உதைத்தது. பிடித்து நிறுத்தப் போன வேதவள்ளியின் தோளைக் கடித்தும்விட்டது. அவள் பாலைக் கறந்து புட்டியில் ஊட்டினாள். இனி இப்படித்தான் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், குட்டி வேலியில் கால் மாட்டிக்கொண்டு கத்தியது. வேதவள்ளி ஓடினாள். அவளைத் தள்ளிக்கொண்டு முன்னால் போனது டஸ்கி லேன். அவள் குட்டியின் காலை விடுவிக்கும் வரை அதை முகர்ந்துகொண்டே நின்றது. பிறகு குட்டி மடியைத் தேடியபோது தாய் நகரவில்லை. வேதவள்ளி புல்லிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டாள்.

1989 கடைசியில் அந்தக் குட்டிக்கு முதல் பந்தயம். வீரையாவும் லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். கடைசிக்கு முந்தின இடம்.

"என்னா வள்ளி, இப்படி ஆயிருச்சு?"

"ஓடி முடிச்சாள்ல. வாங்க, தண்ணி காட்டணும்," என்று எழுந்துவிட்டாள்.

அந்த வாரமே டஸ்கி லேன் மறுபடி சினையாக இருப்பதாக மருத்துவர் சொன்னார். அன்று வேதவள்ளி வீட்டில் பாயசம்.