பருப்புப் பொட்டலத்தில் ஒரு பரீட்சை

என் மைத்துனன் வேலாயுதம் பாஸ் பண்ணிவிட்டான்!

சர்க்கார் குமாஸ்தா பரீட்சையில்... அதுவும் இங்கிலீஷில். போன வாரம் ஈப்போவில் முடிவு ஒட்டினார்கள். தன் பெயரைப் பார்த்ததும், பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஒரு சீனரைக் கட்டிப்பிடித்திருக்கிறான். அவரும் பாஸ் போலிருக்கிறது. திருப்பிக் கட்டிப்பிடித்தாராம்.

சந்தோஷம்தான். ஆனால் அவன் எப்படிப் பாஸானான் என்பது வெளியே தெரிந்தால் சர்க்காருக்கு மானக்கேடு. அதனால்தான் பத்திரிகையில், இந்த வாரப் பத்தியில் எழுதுகிறேன்.

வேலாயுதம் செமோர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் சின்னக் கிராணியாக இருந்தான். ஆபீசில் உட்கார்ந்து கணக்கு எழுதுகிற உத்தியோகம். பால்வெட்டுகிறவர்களுக்கு அவன் 'ஐயா'. துரைக்கு அவன் 'ஏய்'.

அவனிடம் ஒரு பழைய சைக்கிள் உண்டு. தோட்டத்தில் ஒரு சட்டமும் உண்டு. எங்கேயும் எழுதி ஒட்டியதில்லை, ஆனால் எல்லோருக்கும் மனப்பாடம். எதிரே துரை வந்தால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும். ஓரமாக நிற்க வேண்டும். அவர் தாண்டிப் போன பிறகு ஏறிக்கொள்ளலாம்.

ஒரு மழை நாளில், இறக்கத்தில், பிரேக் பிடிக்கவில்லை. துரையைத் தாண்டிப் போய்த்தான் இவனால் இறங்க முடிந்தது. மறுநாள் காலை பிரட்டில், பெயர் கூப்பிடுவதற்காக ஆண்களும் பெண்களும் வரிசையாக நிற்கும்போது, துரை இவனைச் சைக்கிளோடு முன்னால் வரச் சொன்னார். ஏறச் சொன்னார். இறங்கச் சொன்னார். மறுபடி ஏறச் சொன்னார்... அவருக்கே அலுத்துப் போகும்வரை.

இதைக் கேட்டுவிட்டுக் கத்தியது நான்தான். அவன் அழவில்லை, கத்தவில்லை. நேரே போய்ப் பரீட்சைக்கு மனுப் போட்டுவிட்டான்.

"சம்பளம் கொறைச்சலா குடுத்தாலும் பரவால்ல மச்சான்," என்றான். "எறங்காம ஒரு ரோட்டுல போவணும்லா. அவ்ளோதான்."

சரி, அந்தப் பரீட்சையில் என்னதான் கேட்கிறார்கள்? நீளமான கடிதங்களைக் கொடுத்து, மூன்றில் ஒரு பங்காகச் சுருக்கு என்கிறார்கள். பிழையான வாக்கியத்தைக் கொடுத்துத் திருத்து என்கிறார்கள். கமா, புல்ஸ்டாப் எதுவும் இல்லாத ஒரு மொட்டைப் பத்தியைக் கொடுத்து, எல்லாம் நீயே வைத்துக்கொள் என்கிறார்கள். வேலை செய்யத் தெரியுமா என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

பழகுவதற்கு இங்கிலீஷ் வேண்டுமே, எங்கே போவது? வழி கண்டுபிடித்தவள் என் மனைவி பாக்கியம். எங்கள் தெருமுனையில் காதர் அண்ணனின் மளிகைக் கடை. அவர் பழைய இங்கிலீஷ் பேப்பரைக் கிழித்துத்தான் பொட்டலம் கட்டுவார்.

"சாமான் வந்தா பேப்பரும் சேந்துதானே வருது? அதை ஏன் அடுப்புல போடுறீங்க? தம்பிக்குக் குடுங்க," என்றாள்.

அன்று முதல் எங்கள் வீட்டில் பருப்பு வாங்குவது பருப்புக்காக இல்லை என்றாகிவிட்டது. கடுகுப் பொட்டலத்தில் வருவது ஏற்கெனவே சுருக்கம்... அதையும் சுருக்கினால் மிஞ்சுவது கடுகுதான். துவரம் பருப்பு அளவான பாடம். வெங்காயம் வாங்கினால் ஒரு முழு பார்லிமெண்ட் பிரசங்கமே கிடைக்கும். நாளடைவில் காதர் அண்ணனே வாத்தியார் ஆகிவிட்டார்.

"இன்னிக்கு ஒங்க மச்சானுக்கு லேசான பாடமா, கஷ்டமான பாடமா?" என்பார்.

"கஷ்டமா குடுங்க அண்ணே. பரீட்சை கிட்ட வந்துருச்சு."

"அப்ப வெங்காயமே எடுங்க. புளி வேணாம்லா, எழுத்தெல்லாம் ஊறிப் போவும்."

வேலாயுதம் ஞாயிற்றுக்கிழமைதோறும் செமோரிலிருந்து சைக்கிள் மிதித்து வருவான். பொட்டலத் தாளை நீவி, கல்லை வைத்து அழுத்தி, உட்கார்ந்துவிடுவான். திருத்துவது நான். என் இங்கிலீஷ் எப்படி என்று கேட்கிறீர்களா? நான் திருத்தினால் சரியாக இருப்பதும் தப்பாகும். இருந்தாலும் சொந்தம் என்று ஒன்று இருக்கிறதே!

மூச்சு வாங்குகிற இடத்தில் கமா போடு என்று சொல்லிக்கொடுத்தேன். செமோரிலிருந்து மிதித்து வந்தவனுக்கு எங்கே பார்த்தாலும் மூச்சு வாங்கியது. தாள் முழுக்க கமா. தோட்டத்துத் துரை எழுதும் கடிதத்தில் கமாவே இருக்காதாம். இருக்காதுதான்... அவரை நிறுத்த யார் இருக்கிறார்கள்?

இதைவிடப் பெரிய வியாதி ஒன்று அவனுக்கு இருந்தது. எதைச் சுருக்கினாலும், கடைசியில் 'தங்கள் மிகத் தாழ்மையுள்ள ஊழியன்' என்று இங்கிலீஷில் முழுசாக எழுதிவிடுவான். கப்பல் கவிழ்ந்த செய்திக்கும் அதுதான். குதிரைப் பந்தயத்துக்கும் அதுதான். விஷயத்தைச் சுருக்குவான், பணிவைச் சுருக்கமாட்டான். நான் அடிக்க அடிக்க, அவன் கை தானாக எழுதும்.

பொட்டலப் படிப்பில் வேறு இரண்டு சங்கடங்கள். ஒன்று, எந்தச் செய்திக்கும் முடிவு இருக்காது. திருடன் கூண்டில் ஏறியிருப்பான். தீர்ப்போ வேறு யார் வீட்டு மிளகாயோடோ போயிருக்கும். "முடிவ நீயே போட்டுக்கோ," என்று சொல்லிவிட்டேன். மற்றொன்று, தாளின் பின்பக்கம். அங்கே சம்பந்தமே இல்லாத வேறு ஏதாவது இருக்கும். முதல் வாரம் இவன் இரண்டு பக்கத்தையும் சேர்த்துச் சுருக்கியதில், கவர்னர் இறகு வைத்த தொப்பி போட்டுக்கொண்டு பந்தயத்தில் இரண்டாவதாக வந்தார். அதிலிருந்து நானும் ஒரு சட்டம் போட்டேன் — பின்பக்கத்தைத் திருப்பாதே!

பரீட்சை வந்தது. நானும் லீவு போட்டுவிட்டு வாசலில் காத்திருந்தேன். எல்லோருக்கும் முன்னால் சிரித்துக்கொண்டே வெளியே வந்தான்.

"லேசுதான் மச்சான். பாகான் செராய் பக்கம் வயக்காட்டு ஜனங்க, வாய்க்கால் மேல பாலம் வேணும்னு கேக்குறாங்க. சின்ன அதிகாரி பெரிய அதிகாரிக்கு எழுதுறாரு. பெரிய அதிகாரி ரிப்போட் கேக்குறாரு. அதோட பேப்பர் முடிஞ்சிருச்சு. மிச்சத்த நான் போட்டுட்டேன்."

அதோடு முடிந்ததா? எனக்கு அப்போதே லேசாக இடித்தது. அந்த நேரம் பார்த்து லகாட்டிலிருந்து வந்திருந்த ஒரு பையன் நெற்றியைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தான்.

"யப்பா... பின்பக்கம் அத்தனை லெட்டர்! சுருக்கி முடிக்கவே டைம் போதல."

வேலாயுதத்தின் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. "பின்பக்கம் இருந்துச்சா?" என்றான்.

ஐயா, இந்தத் தப்பை யாராவது செய்வார்களா? பருப்புப் பொட்டலத்தில் படித்தவன்தான் செய்வான். சட்டம் போட்டவன் நான். வழி முழுக்க அவன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்தான். ஏறிக்கொள்ளத் தோன்றவில்லை போலும். பாக்கியம் அன்றைக்கு வைத்த ரசத்தில் உப்பே இல்லை. யாரும் கேட்கவில்லை. இனி அந்தத் தோட்டத்தில்தான், அந்தத் துரைக்குத்தான், சாகும்வரை ஏறி இறங்கிக்கொண்டிருக்க வேண்டும் என்று மூன்று பேருக்கும் தெரிந்திருந்தது.

அப்புறம் எப்படிப் பாஸானான்?

முடிவு வந்த பிறகு லகாட் பையனைத் தேடிப் பிடித்து, கேள்வித்தாளை வாங்கிப் பார்த்தோம். வேலாயுதம் சொந்தமாகப் போட்ட முடிவு இதுதான்: 'விஷயம் மிகக் கவனமாக ஆலோசிக்கப்பட்டது. தற்போது ஒன்றும் செய்வதற்கில்லை.' தாளைத் திருப்பினேன். பின்பக்கம் கடிதத்துக்கு மேல் கடிதம். இன்ஸ்பெக்டர் எழுதுகிறார், இஞ்சினியர் எழுதுகிறார், அவருக்கு மேலே உள்ளவர் எழுதுகிறார். கடைசிக் கடிதத்தின் கடைசி வரி... அதேதான்! மிகக் கவனமாக ஆலோசித்தார்களாம். தற்போது ஒன்றும் செய்வதற்கில்லையாம். அத்தனை கடிதத்தையும் இவன் இரண்டே வரியில் சுருக்கிவிட்டான் என்று மார்க் போட்டிருக்கிறார்கள்!

விழுந்து விழுந்து சிரித்தோம். பாக்கியம் மட்டும் சிரிக்கவில்லை.

"அப்ப அந்த ஜனங்களுக்குப் பாலம் வரவே இல்லியா?" என்றாள்.

போன ஞாயிறு, தோட்டத்தில் இருந்த அவன் சாமானை எடுத்து வரப் போனோம். அவன் மிதிக்க, பின்னால் கேரியரில் நான். செம்மண் ரோட்டில் ஒரு வளைவு திரும்பினால்... எதிரே துரை! தலையில் தொப்பி, கையில் பிரம்பு, கூடவே நாய்.

வாராவாரம் இந்த இடத்தில் துரைமார்களைக் கிழி கிழி என்று கிழிப்பவன் நான். அந்தத் துரையின் சம்பளத்தில் ஒரு நாள்கூட இருந்ததில்லை. ஆனால் என்ன நடந்ததென்று நினைக்கிறீர்கள்? என் கால் இரண்டும் தரையில் இருந்தன. தொப்பென்று குதித்து, ஓரமாகப் புல்லில் நின்றுகொண்டிருந்தேன். தலைப்பாகையைக்கூடச் சரிசெய்ததாக ஞாபகம்.

சைக்கிள் நிற்கவில்லை. பாரம் குறைந்ததில் கொஞ்சம் வேகமாகவே போயிற்று. முதுகை நிமிர்த்திக்கொண்டு, நேரே பார்த்துக்கொண்டு, வேலாயுதம் துரையைத் தாண்டிப் போனான். துரை எங்கள் இருவரையுமே பார்க்கவில்லை. அவர் கண் முழுக்க ரப்பர் மரத்தில். நாய்தான் என்னைத் திரும்பிப் பார்த்தது.

அடுத்த வளைவில் அவன் காத்திருந்தான்.

"ஏன் மச்சான் எறங்குனீங்க?"

"மண் ரோடு... பாரம் கூடிப் போச்சேன்னு..."

ஏறிக்கொள்ளச் சொல்லிக் கேரியரைத் தட்டினான். நல்ல பிள்ளை.

இந்தப் பத்தியை எழுதி முடித்ததும், பிழை இருந்தால் திருத்தட்டுமே என்று அவனிடமே கொடுத்தேன். பாஸ் பண்ணின கை அல்லவா? நிதானமாகப் படித்தான். ஞாபகமாக ஒவ்வொரு தாளின் பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தான். அப்புறம் பென்சிலை எடுத்து, முழுவதையும் சுருக்கி அடியில் எழுதிவிட்டு, சைக்கிள் ஏறிப் போய்விட்டான். தாழ்மையுள்ள ஊழியன் எல்லாம் இல்லை. கமாவும் புல்ஸ்டாப்பும் மட்டும் அதனதன் இடத்தில் இருந்தன:

'நான் இறங்கவில்லை, மச்சான் இறங்கினார்.'